ஒடிந்த இறக்கையை மாற்றலாம்: மாதிரி ஹெலிகாப்டர் கட்டத் தொடங்கியவர்களுக்கு

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் சத்தம் பழகிய சத்தம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமான தளம் 2009-லிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கிருந்து எழும்பும் சேத்தக் ஹெலிகாப்டரை எங்கள் தெருப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மாதிரி கட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

போன ஆடியில் என் அக்கா மகன் தன் முதல் சேத்தக்கை முடித்து, பெயின்ட் காயட்டும் என்று ஜன்னல் திட்டில் வைத்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதம். திரைச்சீலை ஒரு வீசு வீசியதில் மாதிரி தரையில் விழுந்து, மேல் விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்று வேரோடு ஒடிந்தது. இன்னொன்று நடுவில் முறிந்தது.

“மாமா, இனி இது அவ்வளவுதானா?” என்றான்.

“இல்லடா, இனிமேல்தான் வேலையே கத்துக்கப் போற” என்றேன்.

அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய பாகத்தைப் பசை மட்டும் தாங்காது. உள்ளே ஒரு கம்பி போக வேண்டும். முதல் தடவை ஒட்டியது மறுபடி ஒடிந்துபோய் மனம் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே கம்பி வைக்காமல் ஒட்டியவர்கள்தான்.

இது அலமாரியில் வைக்கிற பிளாஸ்டிக் மாதிரிக்கான வழி. ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரின் இறக்கை உடைந்தால் ஒட்டவே கூடாது. அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள், ஒட்டிய துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தால் கண்ணே போய்விடும். அதற்குப் புது இறக்கைகளை ஜோடியாக வாங்கித்தான் மாற்ற வேண்டும். கடற்படைத் தளத்தைச் சுற்றி அதை அனுமதியில்லாமல் பறக்கவிடவும் கூடாது.

விழுந்தவுடன்

வீட்டில் எல்லோரிடமும் முதலில் சொல்ல வேண்டியது: “அந்த இடத்தைக் கூட்டாதீங்க.” துடைப்பம் பட்டால் பாதித் துண்டு குப்பைக்குப் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். அரிசி அளவுத் துண்டுக்கும் நீளமாக நிழல் விழும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கிடைத்த துண்டுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுங்கள். பொருந்துகிறதா என்று உடைந்த முகங்களைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்காதீர்கள். முறிவின் சொரசொரப்பில் ஒவ்வொரு மேடும் எதிர்ப்பக்கத்தில் தன் பள்ளத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. தேய்த்துவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

அவசரத்தில் உடனடிப் பசையைத் தடவுவதும் வேண்டாம். அது முறிவின் முகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படிந்துவிடும். பிறகு சரியான பசையை எடுத்து வந்தாலும் அது பிளாஸ்டிக்கைத் தொடாது.

அப்புறம், கட்டும் விளக்கத் தாளை எடுத்து ஒடிந்த பாகத்தின் எண்ணைக் குறித்துவையுங்கள். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டங்களில் எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பாகம் என்று எழுத்தும் எண்ணுமாக அதில் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் தனிப் பாகம் அனுப்புகிறார்கள், அவர்களிடம் கேட்க அந்த எண் வேண்டும். மாதிரி முடிந்த கையோடு தாளைத் தூக்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒட்டுவதா, புதிதாகச் செய்வதா

இரண்டே துண்டாக ஒடிந்து, இரண்டும் கையில் இருந்தால் ஒட்டலாம். மூன்று நான்காகச் சிதறியிருந்தால், அல்லது ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், புதிதாகச் செய்வதுதான் நேரம் மிச்சம். ஆன்டெனா, கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி போன்றவை ஒடிந்தால் பிளாஸ்டிக்கை ஒட்டவே முயல வேண்டாம். செம்புக் கம்பியில் வளைத்து வைத்துவிடுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

இந்த மாதிரிகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. இதற்கென்று விற்கும் தண்ணீர் போன்ற சிமென்ட், பேருக்குத்தான் பசை. அது இரண்டு முகங்களையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். சரியாக ஒட்டினால் இடையில் பசை என்று எதுவும் மிஞ்சாது, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகியிருக்கும். தமியா கம்பெனியின் பச்சை மூடி போட்ட மெல்லிய சிமென்ட் இந்த வகைதான். பெயின்ட் இருக்கும் இடத்தில் இது வேலை செய்யாது. அதனால் முறிவின் இரு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். முறிவின் முகத்தை மட்டும் சுரண்டக் கூடாது.

ஃபெவிகுவிக் மாதிரியான உடனடிப் பசை வேறு இனம். காற்றில் உள்ள ஈரம் பட்டுத்தான் அது இறுகும். நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, எனவே நினைப்பதற்குள் இறுகிவிடும். அதிகமாக வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் பனி பூத்த மாதிரி படலம் படியும். மாதிரியின் கண்ணாடிப் பகுதிக்கு அருகில் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். ஆனால் உலோகக் கம்பியைப் பிளாஸ்டிக்கில் பிடித்து வைக்க இதுதான் வேண்டும், சிமென்ட் கம்பியைப் பிடிக்காது. ஒரு துளியைப் பழைய மூடியில் விட்டு, தென்னை ஈர்க்கின் நுனியால் தொட்டு வையுங்கள். கடையில் விற்கும் எந்தக் குச்சியும் ஈர்க்குக்கு ஈடாகாது என்பது என் அனுபவம். திறந்த டியூபை, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைத்தால் கொஞ்ச காலம் கெடாமல் இருக்கும்.

இரண்டையும் தொட்டுச் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். சிமென்ட்டின் ஆவி நல்லதல்ல. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் பாகத்தைத் துடைக்காதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பாகமே கரைந்துவிடும்.

வேரில் ஒடிந்த இறக்கை

சிமென்ட் மட்டும் வைத்து ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், அடுத்த தடவை துணி பட்டதும் அதே இடத்தில் ஒடியும். இறக்கை ஒரு நெம்புகோல். நுனியில் ஒரு விரல் பட்டாலே வேரில் பல மடங்கு பாரம் விழும்.

தேவையானது 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும், அதே தடிமனில் துளைக்கும் பிட்டும், அதைப் பிடித்து விரலால் சுழற்றும் ஒரு கை டிரில்லும். சர்க்யூட் போர்டில் துளையிடும் சின்ன பிட்கள் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். குண்டூசியைத் துண்டு போட்டு உள்ளே வைக்கலாமே என்று தோன்றும். நானும் வைத்தேன். கடற்கரைக் காற்றில் இரும்பு சும்மா இருக்காது. இரண்டு மழைக்காலம் போனதும் வெள்ளைப் பெயின்ட்டின் மேல் துருக்கறை எழும்பியது. பித்தளை, செம்பு இரண்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் இறக்கைத் துண்டின் முறிவு முகத்தில், நடு மையத்தில், ஊசி முனையால் ஒரு புள்ளி குத்துங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கும். பிறகு கை டிரில்லால் மெதுவாக 5 மில்லிமீட்டர் ஆழம் துளையுங்கள். நான்கு சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் தூளை ஊதுங்கள். மோட்டார் டிரில் வேண்டாம், அதன் சூட்டில் பிளாஸ்டிக் உருகி பிட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்கத் துளை நேர்கோட்டில் வருவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. துளைத்த பக்கத்தில் சின்னக் கம்பித் துண்டைப் பசையில்லாமல் செருகி, அரை மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டட்டும். அதன் முனையில் பெயின்ட் தொட்டு, எதிர்ப்பக்கத்தோடு சரியாகப் பொருத்தி ஒரு அழுத்து. அங்கே விழும் புள்ளிதான் துளைக்க வேண்டிய இடம். இதற்காக ஒரே ஒரு தடவை முகங்களைச் சேர்க்கலாம்.

இரண்டு துளையும் ஆனபின் 9 மில்லிமீட்டர் கம்பி வெட்டி, உப்புத்தாளில் உரசிச் சொரசொரப்பாக்குங்கள். ஒரு பக்கம் உடனடிப் பசையில் நிறுத்தி இறுக விடுங்கள். பிறகு மறுபக்கத் துளையில் துளியளவு உடனடிப் பசை, முகங்களைச் சேர்த்தவுடன் விளிம்பில் தூரிகையால் சிமென்ட் ஒரு தொடு. சிமென்ட் இடுக்குக்குள் தானாக ஓடிவிடும். அப்படியே ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் இளகித்தான் இருக்கும்.

நடுவில் முறிந்த இறக்கை

1/72 அளவில், அதாவது அசலை 72-ஆல் வகுத்துச் சிறிதாக்கிய மாதிரியில், இறக்கை ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதற்குள் துளை போடுவது முடியாத காரியம். இங்கே எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுகிற முறைதான். முதலில் சிமென்ட்டால் நேராக ஒட்டி, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு இறக்கையைக் கவிழ்த்து, முறிவுக்கு இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் நீளும்படி, கத்தி முதுகால் ஒரு வாய்க்கால் கீறுங்கள். ஒரே கீறலில் ஆழம் போகாமல், பத்து இருபது தடவை லேசாக இழுக்க வேண்டும். அதில் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் படுக்க வைத்து உடனடிப் பசை விட்டு, மேலே முகப்பவுடரைத் தூவினால் பள்ளம் நிரம்பிவிடும். இறுகியதும் 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கார் பெயின்ட் கடைக்காரர்கள் பட்டி பார்ப்பார்களே, அதே வேலைதான். ஆனால் அவர்களுடைய பட்டியைத் தடிமனாக வைக்காதீர்கள், அதில் இருக்கும் தின்னர் மெல்லிய இறக்கையைக் கரைத்து வளைத்துவிடும்.

அக்கா மகன் இந்த வாய்க்காலை வெட்ட ஒரு முழு மாலை எடுத்துக்கொண்டான். அவசரப்படுத்தவில்லை. இன்று அந்த இறக்கை எங்கே முறிந்தது என்று எனக்கே தேடிப் பார்த்துத்தான் தெரிகிறது.

புது இறக்கை செய்ய

ஒடியாத இறக்கைதான் உங்கள் அளவுகோல். அதைக் காகிதத்தில் வைத்து ஓரமாகக் கூர்ப்பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். மூன்றுமே போய்விட்டதென்றால் கணக்குப் போட வேண்டும். சேத்தக் என்பது பிரான்சின் ஆலுவெட் 3. அது முதலில் பறந்தது 1959-இல், பிறகு ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் இங்கேயே தயாரித்தது. அதன் மேல் விசிறியின் விட்டம் 11.02 மீட்டர். 1/72 மாதிரிக்கு 72-ஆல் வகுத்தால் 153 மில்லிமீட்டர், 1/48 மாதிரிக்கு 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 230 மில்லிமீட்டர். அதில் பாதி, நடுத்தண்டின் மையத்திலிருந்து இறக்கை நுனி வரைக்கும் உள்ள நீளம்.

பிளாஸ்டிக் தகடு வாங்க இங்கே கடை கிடையாது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் வீட்டிலேயே தேடலாம். முக்கோணக் குறிக்குள் 6 என்று போட்டிருக்கும் டப்பாவோ மூடியோ பாலிஸ்டைரீன்தான், அதே சிமென்ட் பிடிக்கும். அரை மில்லிமீட்டர் தகடு இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு இரவு வைத்து, காலையில் வெட்டுங்கள். இரண்டு படலமாக ஒட்டியது தனித் தகட்டைவிட வளையாமல் நிற்கும்.

வெட்டிய பட்டையை இறக்கையாக்குவது அதன் விளிம்புகள்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும் விளிம்பு உருண்டையாகவும் தடிப்பாகவும், பின் விளிம்பு கத்தி வாய் மாதிரியும் தேய்க்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சேத்தக்கின் விசிறி மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். அமெரிக்க ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் எதிர்த்திசை. நீங்கள் நடுத்தண்டில் நின்றுகொண்டு இறக்கையின் நுனியைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சேத்தக்கில் தடித்த விளிம்பு உங்கள் வலக்கைப் பக்கம் வர வேண்டும். வேருக்குள் கம்பி வைப்பது முன்பு சொன்னபடியே.

மூன்றையும் சரியான கோணத்தில் நிறுத்த

மூன்று இறக்கைகளுக்கு இடையில் 120 பாகை. கண்ணளவில் வைத்தால் கட்டாயம் கோணும். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸை எடுங்கள். அட்டையில் கவராயத்தால் வட்டம் போட்டு, அதே ஆரத்தை மாற்றாமல் வட்டத்தின் மேல் வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் ஆறு புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்றை மையத்தோடு இணைத்தால் மூன்று கோடு. மையத்தில் ஒரு துளை போட்டு விசிறித் தண்டைச் செருகுங்கள். இறக்கைகளைக் கோட்டின் மேல் கிடத்தி, அசையாமல் இருக்க வலையில் கோக்கும் ஈயமணிகளை மேலே வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிள்ளைகளுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

நின்றிருக்கும் ஹெலிகாப்டரில் இறக்கைகள் தம் கனத்திலேயே நுனி தாழ்ந்து தொங்கும். பெரும்பாலான மாதிரிகளில் நேர்கோடாகத்தான் வரும். கொதி அடங்கிய, ஆனால் இன்னும் நன்றாகச் சுடுகிற வெந்நீரில் சில வினாடி முக்கி எடுத்து, மெதுவாக வளைத்து, குளிர்ந்த நீரில் விட்டால் அந்த வளைவு நிற்கும். கொதிக்கிற நீர் வேண்டாம். கம்பி வைத்து ஒட்ட வேண்டிய இறக்கையாக இருந்தால் ஒட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். எவ்வளவு தொங்க வேண்டும் என்பதற்கு வெளியான படங்களைப் பாருங்கள். தளத்தின் வேலியோரம் நின்று நீங்களே படமெடுக்கப் போகாதீர்கள், அது தடை செய்யப்பட்ட இடம்.

சேத்தக்கின் இறக்கைகளுக்கு நடுவே, வேருக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று இணைக்கும் மெல்லிய கம்பிகள் ஓடும். சிறு மாதிரிகளில் இதை விட்டுவிடுவார்கள். மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பில் இருப்பதிலேயே மெல்லியதைக் கட்டினால் அச்சு அசலாக இருக்கும். ஒட்டியபின் முக்கோணம் மாதிரி மூன்று பக்கமும் நரம்பு நின்றதைப் பார்த்துத்தான் அக்கா மகன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பெயின்ட்

பழுது பார்த்த இறக்கையை மட்டும் பூசாதீர்கள். ஒரே டப்பாவின் நிறம்கூடப் பழைய பூச்சோடு ஒத்துப்போகாது. மூன்றையும் சேர்த்துப் பூசுங்கள். முதலில் சாம்பல் நிற பிரைமர். அது பிடித்ததும் தேய்ப்பில் விட்ட குறைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அங்கே மறுபடி தேய்க்கலாம்.

ஸ்பிரே டப்பா என்றால் நாள் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அடித்தால் பூச்சு வெளுத்துப் பால் படிந்த மாதிரி ஆகும். கச்சான் காலத்திலோ மணல் தூள் வந்து ஒட்டும். வெயில் ஏறி, காற்று எழும்புவதற்கு முன் உள்ள காலை நேரம் நல்லது. பெரிய அட்டைப்பெட்டியைக் காற்றுக்கு முதுகு காட்டிக் கிடத்தி, அதற்குள் வைத்து, முகக்கவசம் போட்டு அடியுங்கள். அடித்த கையோடு மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள்.

மற்ற பாகங்கள், சுருக்கமாக

வால் விசிறியின் இறக்கை ஒன்று தொலைந்தால், மிஞ்சியதை நகலெடுக்கலாம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் பவுடர் தூவி, நல்ல இறக்கையைப் பாதி அமுக்கி எடுத்தால் அச்சு ரெடி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீலைப் பிசைந்து அதில் அழுத்தி, மறுநாள் எடுத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தட்டையான ஜன்னல் கண்ணாடி உடைந்தால் பழைய சிடி டப்பாவின் மூடியிலிருந்து வெட்டலாம், அதுவும் பாலிஸ்டைரீன்தான். ஓங்கி வெட்டினால் விரியும். பலமுறை கீறி மடக்குங்கள். ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமில்லாமல் போகும். சேத்தக்கின் உருண்டை மூக்குக் கண்ணாடி உடைந்தால் மட்டும் தயாரிப்பாளரிடம் கேட்பதே மேல். வீட்டில் செய்து திருப்தியாக வந்ததை நான் பார்த்ததில்லை.

விசிறியை ஒட்டாதீர்கள்

எல்லாம் முடிந்ததும் விசிறித் தண்டை உடலோடு ஒட்டத் தோன்றும். ஒட்டாதீர்கள். தண்டு இறுக்கமாகச் செருகி நின்றாலே போதும். தளர்வாக இருந்தால் தண்டில் ஒரு பூச்சு பெயின்ட் கூடுதலாகப் பூசினால் இறுகிவிடும். அலமாரியில் மாட்டி வையுங்கள், தூசி துடைக்கும்போது கழற்றுங்கள், ஊருக்கு எடுத்துப்போகும்போது தனி டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வையுங்கள். அக்கா மகனின் சேத்தக் பஸ்ஸில் மதுரை வரை போய் வந்தது. விசிறி அவன் சட்டைப் பைக்குள் ஒரு சிடி டப்பாவில் இருந்தது.